அம்மாவின் நட்சத்திரம்

எங்கள் ஊர் வாசகசாலைக்கு ஆண்டு விழா. மலர் போடுவதாக முடிவானது. மூன்று மதத்துக்காரர்களிடமும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாங்கிப் போட்டால் நன்றாக இருக்கும் என்று கமிட்டியில் யாரோ சொல்ல, இந்து மதத்துக்கான பக்கம் என் தலையில் விழுந்தது. ஊரில் எழுதத் தெரிந்த நாயர் உண்டு, ஈழவர் உண்டு, அம்பலத்தில், அதாவது கோயிலில், பூசை செய்கிற சாந்திக்காரர் வேறு இருக்கிறார். ஆனாலும் செக்ரட்டரி சேட்டன், "அண்ணாச்சி எழுதட்டே, நிங்ஙளுக்கல்லே அம்பலமும் கொடையும் ஒக்கெ கூடுதல்" என்று சொல்லிவிட்டார். கேரளத்தில் இந்தக் குளத்துப்புழைப் பக்கம் தமிழ் பேசுகிறவன் எல்லோரும் அண்ணாச்சிதான். நான் திருநெல்வேலிக்காரன் இல்லை, எங்கள் வீட்டில் சாமிக்குத் திருவிழா எடுத்துக் கொடை கொடுக்கும் வழக்கமும் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, இருபது வருஷமாக அண்ணாச்சியாகவே இருக்கிறேன்.

கிறிஸ்தவப் பக்கத்தை எழுதியவர் ஓய்வுபெற்ற வாத்தியார். விசுவாசப் பிரமாணத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு மூன்றே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார். சந்தையில் உலர்மீன் கடை வைத்திருக்கும் இக்கா கலிமா, தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ் என்று ஐந்து பத்தி எழுதினார், கடைசிப் பத்தியில் தன் வாப்பா ஹஜ்ஜுக்குப் போன கதையையும் சேர்த்து. படிக்க நன்றாகவே இருந்தது. நான் நாலு மாதம் இழுத்தடித்தேன். இந்தக் கட்டுரை அந்த நாலு மாதத்தைப் பற்றியது.

முதலில் நானும் எல்லோரும் எழுதுவதைத்தான் எழுதினேன். வேதம் நான்கு, புருஷார்த்தம் நான்கு, கர்மம், மறுபிறவி, மோட்சம். உண்மை ஒன்றே, அறிந்தவர்கள் பல பெயரால் சொல்கிறார்கள் என்ற ரிக்வேத வரியை நடுவில் வைத்தேன். அது இல்லாமல் இந்த மாதிரிக் கட்டுரை எழுத முடியாது என்று நினைக்கிறேன். சபரிமலை வாசலில் எழுதியிருக்கும் 'தத்துவமசி', அது சாந்தோக்ய உபநிடதத்து வாக்கு என்ற குறிப்போடு கடைசியில். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ராத்திரி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "இது யாரு வூட்டு சாமி தம்பி?" என்றாள்.

கிண்டலில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

மூன்று இடத்தில் இருக்கும் அப்பா

அம்மா சொல்லிவிட்டாள் என்பதற்காக அந்தப் பக்கத்தைப் பொய் என்று கிழித்துப் போட்டுவிட முடியாது. அம்மாவும் கர்மத்தைப் பற்றிப் பேசுகிறவள்தான். முட்டி வலித்தால் "போன சென்மத்துல என்ன பாவம் பண்ணுனேனோ" என்பாள், ரேஷன் கடையில் யாராவது இடம் விட்டால் "புண்ணியமாப் போவ" என்பாள். என் கட்டுரையில் கொள்கையாக இருந்தது அம்மா வாயில் புலம்பலாகவும் வாழ்த்தாகவும் இருக்கிறது, அவ்வளவுதான். மோட்சம் மட்டும் அவள் பேச்சில் வந்து நான் கேட்டதில்லை. "நல்லா வச்சிரு சாமி" என்பதுதான் அவளுடைய வேண்டுதல். எங்கே வைக்க வேண்டும் என்று அவள் சொல்வதில்லை. இந்த லயத்துக்குள்ளேயே, தோட்டத் தொழிலாளர்களின் இந்த வரிசை வீட்டுக்குள்ளேயே, இந்த மழைக்குள்ளேயேதான் இருக்கும்.

என்னைக் குழப்பியது அப்பா விஷயம். அப்பா போய்ப் பல வருஷமாகிறது. ஆடி அமாவாசைக்கு, இங்கே கர்க்கடக வாவு என்பார்கள், ஆற்றங்கரையில் பலி போடுகிறோம். எள்ளும் சோறும் வைத்து, நனைந்த கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிடுகிறோம். வருகிற காக்கை அப்பா. சாயங்காலம் வீட்டில் படையல்: மீன்குழம்பு, அவித்த மரவள்ளி, ஒரு குவளையில் அவருக்குப் பிடித்தது. கதவைச் சாத்திக் கொஞ்ச நேரம் வெளியே நிற்போம், அப்பா வந்து சாப்பிட்டுப் போவார் என்று. அதே அம்மா, என் அக்கா மகன் மண்வெட்டியைப் பிடிக்கிற தோரணையைப் பார்த்து, "அப்படியே அவரேதான் வந்து பொறந்திருக்காரு" என்று கண் கலங்குகிறாள். ஆக அப்பா காக்கையாக ஆற்றங்கரையில் இருக்கிறார், பிதிராக மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கிறார், பேரனாகப் பிறந்து ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தோற்றும் இருக்கிறார். மறுபிறவி உண்மை என்றால் படையல் யாருக்கு என்று ஒருநாள் கேட்டேன். அம்மா என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, "அதுக்காக அவருக்குச் சோறு வைக்காம இருக்கச் சொல்றியா?" என்றாள்.

இதை எழுதி அந்த ஒரு பக்கத்துக்குள் எங்கே செருகுவது?

ஒரே சாமி, நாலு வயசு

சாமி விஷயமும் அப்படித்தான் இருந்தது. நான் வளர்ந்தது குளத்துப்புழை சாஸ்தா கோயிலுக்குப் பக்கத்தில். சாஸ்தா என்றால் அய்யப்பன்தான். அங்கே அவர் சின்னப்பிள்ளை, பாலசாஸ்தா. கோயிலை ஒட்டி ஓடும் கல்லடையாற்று மீன்களுக்குத் 'திருமக்கள்' என்று பெயர். பொரி வாங்கிப் போட்டால் காலை உரசிக்கொண்டு வரும். யாரும் பிடிக்க மாட்டார்கள். வாரம் நாலு நாள் மீன் தின்கிற வீட்டுப் பிள்ளைகள்தான் நாங்கள், ஆனாலும் அந்தத் துறை மீனைப் பற்றி அப்படி ஒரு நினைப்பே வந்ததில்லை. ஆரியங்காவில் அவர் இளைஞர். மார்கழியில் அவருக்கும் புஷ்கலாதேவிக்கும் கல்யாண வைபவம் நடக்கும். பெண் சௌராஷ்டிரக் குலத்தவள் என்று கதை. அதனால் மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் பெண்வீட்டாராகச் சீரோடு வருவார்கள், கோயில் நிர்வாகமான தேவஸ்வம்காரர்கள் மாப்பிள்ளை வீட்டார். சம்பந்தி உபசாரம்கூட உண்டு. அச்சன்கோவிலில் அவர் பூரணை, புஷ்கலை இரண்டு தேவியரோடு குடும்பஸ்தர், அரசர். சபரிமலையில் பிரம்மச்சாரி, தவத்தில் இருக்கிறார். நாலையும் பரசுராமர் பிரதிஷ்டை செய்தார் என்பது இங்குள்ள ஐதீகம்.

2018 செப்டம்பர் 28-ஆம் தேதி, எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று சபரிமலைத் தீர்ப்பு வந்தபோது இந்தப் பக்கத்து டீக்கடைகளில் பேச்சு வேறு இல்லை. நைஷ்டிக பிரம்மச்சாரி, அதாவது ஆயுசு முழுக்கப் பிரம்மச்சாரி, என்று தொலைக்காட்சியில் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே டீக்கடையில் அடுத்த வாரம் அச்சன்கோவிலுக்கு வண்டி பேசிக்கொண்டிருந்தவர்களும் அதை ஆமோதித்தார்கள். போகிற கோயிலில் அவருக்கு இரண்டு மனைவி. இதில் யாருக்கும் ஒரு நெருடலும் இல்லை. எனக்கு மட்டும் இருந்தது, அதுவும் மலர்க் கட்டுரை எழுத உட்கார்ந்த பிறகு. ஒரு பக்கத்தில் எழுதவேண்டும் என்றால் 'இந்துக்கள் நம்புவது' என்று தொடங்க வேண்டும். தொடங்கினால், எந்த அய்யப்பனை? என்று அடுத்த வரியே முட்டிக்கொள்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, இந்து சமயத்தையும் அதன் பிரிவுகளையும் சேர்ந்தவர்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் என்று சொல்லிவிட்டு, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத மற்றவர்களுக்கும் செல்லும் என்கிறது. இன்னார் என்று சொல்ல முடியாமல் இன்னார் அல்லாதார் என்று முடித்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சட்டம் எழுதியவர்கள் மேல் பெரிய அனுதாபம் வந்தது.

அப்புறம் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு ஒன்று உண்டு, 1966-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதியது. இந்த மதத்துக்கு ஒரே தீர்க்கதரிசி இல்லை, ஒரே தெய்வம் இல்லை, ஒரே சடங்கு இல்லை, இதை ஒரு வாழ்க்கைமுறை என்று சொல்லலாம் என்று அடுக்கிக்கொண்டு போவார். மேடையில் சொன்னால் கைதட்டு விழும். ஆனால் அது எந்த வழக்கு என்று மேடையில் சொல்வதில்லை. தலித்துகள் கோயிலுக்குள் வரலாம் என்று பம்பாய் மாகாணத்தில் சட்டம் வந்தபோது, குஜராத்தின் சுவாமிநாராயண் பிரிவினர் சிலர், நாங்கள் தனிமதம், அதனால் எங்கள் கோயிலுக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று தொடுத்த வழக்கு அது. இந்து என்றால் யார் என்ற அந்த விரிந்த விளக்கம், ஒரு கதவைத் திறக்கச் சொல்வதற்காக எழுதப்பட்டது. இதைப் படித்த பிறகு என் முதல் பக்கத்தை எடுத்து அலமாரிமேல் போட்டுவிட்டேன்.

ரோதைமுனி

எங்கள் வீட்டுச் சாமி யார் என்று இங்கே சொல்லியாக வேண்டும். எங்களுக்கு அது தெரியாது.

அம்மாவின் பாட்டனாரோ அவருக்கும் முந்தியவரோ தமிழ்நாட்டில் ஏதோ ஓர் ஊரிலிருந்து, தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கிற கங்காணியோடு கடல் தாண்டி இலங்கைக்குப் போனவர்கள். ஊர்ப் பெயர் ஒரு தலைமுறையில் மங்கி அடுத்த தலைமுறையில் அழிந்தது. அம்மா பிறந்தது பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தத் தோட்டத்து ஆட்கள் யார் யாருக்கு என்று கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த ஐந்தேகால் லட்சத்தில் ஒருத்தியாக அம்மா தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, கடைசியில் இங்கே புனர்வாழ்வு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட வந்து சேர்ந்தாள்.

அவள் கொண்டுவந்த சாமிகள் தோட்டத்துச் சாமிகள். லயத்து முனையில் மாரியம்மன். தேயிலைச் செடியின் கிளையை நறுக்குகிற கவ்வாத்து தொடங்கும்போது கும்பிடுகிற கவ்வாத்துச்சாமி. தேயிலை ஃபேக்டரிச் சக்கரத்தில் குடியிருக்கும் ரோதைமுனி. ரோதை என்றால் சக்கரம். கொழுந்து அரைக்கிற இயந்திரம் கையைக் காலை வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வெள்ளைக்காரத் துரை இறக்கிய இயந்திரத்துக்குள் முனி எப்போது ஏறினார் என்று எந்தப் புராணத்திலும் இல்லை. முனி இல்லாமல் அதைத் தொட ஆட்களுக்கு மனம் வரவில்லை, ஏறிவிட்டார். இங்கே வந்தபோது ஃபேக்டரியும் இல்லை, சக்கரமும் இல்லை. அம்மா கொஞ்ச நாள் பார்த்திருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் ஒன்றைப் பார்த்ததும், அந்தக் கொட்டகைக்கு வெளியே ஆஞ்ஞிலி மரத்தடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிவிட்டாள். தோட்டக்காரர் கிறிஸ்தவர். ஒன்றும் சொல்லவில்லை. ரோலர் பழுதானபோது ஒரு தடவை அவரே ஊதுபத்தி வாங்கிக் கொடுத்ததாகக் கேள்வி.

ஆனால் இதெல்லாம் குலதெய்வம் ஆகாது. தங்கைக்கு வரன் தட்டிக்கொண்டே போனபோது ஜாதகம் பார்த்தவர் சொன்னார், குலதெய்வக் குறை இருக்கிறது, போய்க் கும்பிட்டு வாருங்கள் என்று. எது என்று தெரியாதே என்றோம். அதைக் கேட்டு அவருக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. "தெரியாதவங்க பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போங்க. உங்க சாமி எங்க இருந்தாலும் அங்க வரும்." தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடுதானாம். கோத்திரம் தெரியாதவனுக்குச் சிவகோத்திரம் என்று அர்ச்சகர் தாமாகச் சொல்லிக்கொள்வது போல. தொலைத்துவிட்டு வருகிறவனுக்கென்று ஒரு நாளும் ஒரு கோயிலும் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

சீட்டு

அச்சன்கோவில் கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில் இருக்கிறது. எங்கள் ஊரும் அதே மாவட்டம். ஆனால் காட்டுவழிச் சாலையை நம்ப முடியாது என்பதால், தென்மலை, ஆரியங்காவு வழியாகக் கோட்டைவாசலில் மாநில எல்லை தாண்டி, புளியரை, செங்கோட்டை, பண்பொழி என்று தமிழ்நாட்டுக்குள் சுற்றி, மேக்கரையில் மலை ஏறித் திரும்பவும் கேரளத்துக்குள் இறங்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்தான், அதனால் பழைய ஆட்களுக்கு இது சுற்றாகவே தெரிந்திருக்காது. கோட்டைவாசல் கருப்பசாமியிடம் டிரைவர் வண்டியை நிறுத்தினார். அவர் சூடம் கொளுத்துகிற நேரத்தில் அம்மா பள்ளத்தில் தெரிந்த வயல்களைக் காட்டி, "அந்தா, அதுல ஒண்ணா இருக்கும் நம்ம ஊரு" என்றாள். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

கோயிலில் நல்ல கூட்டம். பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். பாம்புக்கடிக்கு இங்கே தருகிற சந்தனமும் தீர்த்தமும் மருந்து என்ற நம்பிக்கை உண்டு, நடுராத்திரி கடிபட்டு வந்தாலும் நடை திறப்பார்களாம். வழிபாட்டுச் சீட்டு வாங்க வரிசையில் நின்றோம். தமிழ்நாட்டுக் கோயில் என்றால் கோத்திரமும் கேட்பார்கள். இங்கே பேரும் நாளும் போதும், நாள் என்றால் நட்சத்திரம். எனக்கு, தங்கைக்கு எல்லாம் சொல்லியாயிற்று. அம்மா முறை.

"பேரு?"

சொன்னாள்.

"நாளு?"

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது. அறுபது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கும் என் அம்மாவின் நட்சத்திரம் எது என்று நான் ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

"அறியில்லே? மாசம் அறியாமோ அம்மே?"

"கவ்வாத்து நேரத்துல பொறந்தேன்னு எங்க ஆத்தா சொல்லும்" என்றாள் அம்மா.

கவுண்டரில் இருந்தவருக்குக் கவ்வாத்து என்றால் என்ன என்று தெரிந்திருக்க வழியில்லை. பின்னால் வரிசை நெளிந்தது. நான் அவசரமாக ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம், அசுவினி என்று, வாயில் வந்தது அதுதான். அதற்குள் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "இன்னிக்கு என்னா நாளு?" என்று கேட்டாள்.

"இன்னு உத்ரமல்லே" என்றார் அவர், பங்குனி உத்திரத்தன்று வந்து நின்றுகொண்டு இதைக் கேட்கிறாளே என்ற சிரிப்போடு.

"அப்ப அதையே போடுங்க. இங்க வந்த நாளு அதுதான?"

அவர் ஒரு விநாடி பேனாவைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு எழுதினார். பேருக்கு நேரே உத்ரம். அய்யப்பன் பிறந்த நட்சத்திரமும் அதுதான் என்பது அம்மாவுக்குத் தெரியாது. பின்னால் நின்ற தென்காசிப் பெரியவர் சொல்லித்தான் தெரிந்தது. "சாமி நட்சத்திரத்தையே வாங்கிட்டீங்களே, ஆத்தா" என்றார். அம்மா வெட்கப்பட்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது, காரணம் பக்தி என்று சொல்ல மாட்டேன்.

திரும்பி வரும்போது வண்டியில் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் அம்மாவிடம் எதை நம்புகிறாய் என்று கேட்கவில்லை. பேர் என்ன, நாள் என்ன என்றுதான் கேட்டார்கள். நீ யாருடைய ஆள், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பதுபோல. அதற்குப் பதில் இல்லாதவளுக்கும் ஒரு பதிலை உண்டாக்கிக்கொள்ள அந்தச் சீட்டில் இடம் இருந்தது. இதுதான் நான் எழுதவேண்டிய பக்கம் என்று செங்கோட்டை வரும்வரை சந்தோஷமாக இருந்தேன்.

புளியரை ஏற்றத்தில் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் இறங்கியது. எங்கள் பாட்டனார் எந்தச் சாதியாக இருந்து கங்காணி பின்னால் போயிருப்பார் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ஆம் தேதி. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனது 1939-இல். அவர் அதற்கெல்லாம் முன்னாலேயே கப்பல் ஏறிவிட்டவர். அவர் இதே வாசலில் வந்து நின்றிருந்தால் பேரும் நாளும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்க வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். ஆள் இன்னார் என்று தெரியாத என் அம்மாவுக்கு இடம் கொடுத்த அதே ஏற்பாடு, இன்னார் என்று நன்றாகத் தெரிந்த அவரை வெளியே நிறுத்தியிருக்கும். எல்லாவற்றையும் தொலைத்ததால்தான் நாங்கள் உள்ளே போக முடிந்ததோ என்று ஒரு நினைப்பு. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால்தான் அது ஒழுங்கான பக்கம். எழுதிப் பார்த்தேன். ஏழு பக்கம் வந்தது.

செக்ரட்டரி சேட்டன் படித்துவிட்டு, நல்லா இருக்கு அண்ணாச்சி, ஆனால் இது மதத்தைப் பற்றி இல்லையே, அம்மாவைப் பற்றியல்லவா என்றார். அச்சுக்குப் போக இரண்டு நாள்தான் இருந்தது. மலரில் எனக்கு ஒதுக்கிய பக்கத்தில் ரப்பர் நர்சரி விளம்பரம் வந்திருக்கிறது. வாத்தியார் கட்டுரைக்கும் இக்கா கட்டுரைக்கும் நடுவில், பச்சைப்பசேலென்று நாலு கன்று.

தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அது உத்திரத்தாலா, அவளே பார்த்து வைத்திருந்த பையனை ஒருவழியாக வீட்டில் சொன்னதாலா என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இருக்கிறது. அம்மா சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். இப்போதெல்லாம் காலையில் டிவியில் ராசிபலன் சொல்கிற நேரம் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்காருகிறாள். உத்திரம் முதல் பாதம் என்றால் சிம்மம், மற்ற மூன்றும் கன்னி. எந்தப் பாதம் என்று சீட்டில் போடவில்லை. அதனால் இரண்டையும் கேட்டுவிட்டு, நல்லதாகச் சொல்லியிருப்பதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.